கடைசல் மரத்தின் வெடிப்பு

கடைந்தெடுத்த மரப்பொருளில் வெடிப்பு விழுவதற்கு முதல் காரணம், நீர் வெளியேறும்போது மரம் சமமில்லாமல் சுருங்குவது. பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உட்குழியில் தேங்கி நிற்கும் நீர் ஒன்று. செல் சுவரின் செல்லுலோஸ் இழைகளோடு பிணைந்திருக்கும் நீர் மற்றொன்று. குழிநீர் முழுதும் போய்ச் சுவர்நீர் மட்டும் மிஞ்சும் கட்டம், பெரும்பாலான மரங்களில் உலர் எடையில் 28 முதல் 30 சதவீத ஈரத்தில் வருகிறது. அதுவரை மரத்தின் எடை குறையுமே தவிர அளவு குறையாது. அதன் பிறகு வெளியேறும் ஒவ்வொரு சதவீத ஈரமும் செல் சுவரைச் சுருக்குகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கினால் மரம் சற்றுச் சிறுத்துப்போகும், அவ்வளவுதான். ஆனால் பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை பார்த்தால், தண்டின் நீளவாக்கில் சுருக்கம் 0.1 முதல் 0.2 சதவீதம்; நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் 3 முதல் 5 சதவீதம்; ஆண்டு வளையத்தின் போக்கில் 6 முதல் 10 சதவீதம். ஆரத் திசையில் ஓடும் கதிர்ச் செல்கள் அந்தத் திசையின் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துவது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். வளையம் ஆரத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்க விரும்புகிறது; வட்டத்தின் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துண்டை எடுத்துக்கொண்டு, ஆரம் 4 சதவீதமும் வளையம் 8 சதவீதமும் சுருங்குவதாக வைத்துக்கொண்டால், விளிம்பில் கிட்டத்தட்ட 1.9 சென்டிமீட்டர் மரம் போதாமல் போகும். அந்தப் போதாமைதான் பட்டையில் அகன்றும் நடுவை நோக்கிக் குறுகியும் போகும் ஆப்பு வடிவ வெடிப்பு. வீட்டுக்குள் புழங்கும் மரம் முழுக்க உலர்வதில்லை. 12 சதவீத ஈரத்தில் நின்றாலும் இந்த இழப்பில் ஐந்தில் மூன்று பங்கு வந்துவிடும்.

நடுத்தண்டைச் சேர்த்துக் கடைந்த கிண்ணமும் தம்ளரும் வெடிப்பது இதனால்தான். நடுவை விலக்கி, கட்டையைப் பிளந்து அரைவட்டமாகவோ கால்வட்டமாகவோ எடுத்தால், போதாமல் போகும் மரத்தின் அளவு வடிவக் கோணலாக மாறிப் பெரிதும் கரைந்துவிடும். வட்டக் கிண்ணம் லேசாக முட்டை வடிவம் கொள்ளும்; உடையாது.

வேகமும் இதில் சேர்ந்துகொள்கிறது. நாரை அறுத்த முகத்தின் வழியாக ஈரம் பக்கவாட்டு முகத்தைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு விரைவாகப் போகும். எனவே முனைகள் முதலில் சுருங்க முயல, உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மரம் அவற்றைத் தடுக்கிறது, முனை வெடிக்கிறது. மெழுகு, பெயின்ட் அல்லது பழைய டிஸ்டெம்பரை முனைகளில் பூசி வைக்கும் வழக்கம் அந்த வேகத்தைக் குறைப்பதற்கானது. கடைசல் பொருளில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ஒரு கிண்ணத்தின் சுவரைச் சுற்றி வந்தால் இரண்டு இடங்களில் அறுத்த நாரும் இரண்டு இடங்களில் பக்க நாரும் மாறி மாறி வரும். ஒரே சுவர், இரண்டு வேகத்தில் உலர்கிறது.

ஜவ்வாது மலையின் மரங்களைக் கொண்டு இதைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கும் இந்த மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காட்டைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பெயர்பெற்ற மலை. திருப்பத்தூரில் உள்ள அரசுச் சந்தனக் கிடங்கு அதன் அடையாளம். சந்தனம் தவிர வேங்கை, வெட்பாலை, புரசு, கடுக்காய், நெல்லி ஆகியவையும் இங்கே வளர்கின்றன. மலையாளி பழங்குடி மக்களின் நிலங்களில் புளியும் பலாவும் நிற்கின்றன. காப்புக்காட்டு மரத்தில் கைவைக்க முடியாது. கடைசலுக்கு வருவது பட்டா நிலத்து மரமும், வனத்துறை ஏலத்தில் எடுத்த கட்டையும், பிரித்த பழைய வீட்டின் உத்தரமும்தான். இவற்றில் பழைய உத்தரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: வெடிக்க வேண்டிய அளவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெடித்து முடித்துவிட்டது.

மலையில் உலர்த்திய மரம் கீழே வந்ததும் மறுபடி வெடிப்பது கைவினைஞர்களைக் குழப்பும் விஷயம். மரம் எப்போதும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு சமநிலையை நோக்கி நகர்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், மரம் ஏறத்தாழ 15 சதவீத ஈரத்தில் நிற்கும். 30 சதவீதமானால் 6 சதவீதத்துக்கு இறங்கும். ஜவ்வாது மலையில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் மழைக்காலக் காற்றில் காய்ந்த மரம், மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் வேலூருக்கு இறங்கி வரும்போது இன்னொரு தவணை சுருங்குகிறது. முழுச் சுருக்கம் 6 சதவீதமுள்ள மரத்தில், ஈரம் 15-இலிருந்து 6-க்கு இறங்கினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1.8 மில்லிமீட்டர் குறையும். குளிர்சாதன அறையும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். கடையின் ஈரக்காற்றில் முழுதாக இருந்த கிண்ணம் சென்னையின் அலுவலக மேசையில் வாய்பிளப்பதற்கு விற்றவர் காரணமல்ல.

ஆகவே, வெடிப்பை அடைக்கும் முன் அது நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று அறிவதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம். பெரும்பாலான தோல்விகள் அடைத்த பொருளாலோ தேய்த்த தாளாலோ வருவதில்லை, அவசரத்தால் வருகின்றன. சோதனை எளிது. சமையலறை மின்தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைப்பது. எடை அடுத்தடுத்து மாறாமல் இருந்தால் மரம் அந்த இடத்தின் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது. வெடிப்பின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினால், கோட்டைத் தாண்டி வெடிப்பு நகர்கிறதா என்பது தெரியும். பச்சை மரத்தை முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும்படி முரடாகக் கடைந்து, தாளிலோ மரத்தூளிலோ பொதிந்து சில மாதம் நிழலில் வைத்து, கோணியபின் மறுபடி வட்டமாகக் கடையும் முறையும் இதே எண்ணத்தில் பிறந்தது.

கடைசல் எந்திரத்தில் வெடிப்பு ஓர் ஆபத்தும் ஆகும். 20 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விளிம்பிலிருந்து அடிவரை போன வெடிப்புள்ள துண்டு அந்த வேகத்தில் பிரிந்து தெறித்தால் முகத்தில்தான் வந்து படும். அடைப்பது இறுக்கிப் பிடிக்கும் பசையானாலும், காயும்வரை துண்டைச் சுழற்றக் கூடாது. காய்ந்த பிறகும் குறைந்த வேகமும் முகக் கவசமும் வேண்டும்.

எதைக் கொண்டு அடைப்பது என்பதை வெடிப்பின் அகலம் தீர்மானிக்கிறது. தலைமுடி அளவுக் கீற்றுக்கு நீர்த்த சயனோஅக்ரிலேட் பசையே போதும். கடைகளில் ஃபெவிக்குவிக் என்று கேட்டு வாங்கும் வகை. 1942-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலர் இதைக் கண்டறிந்தார். 1958-இல் விற்பனைக்கு வந்தது. நுண்குழாய் விசையால் இது கீற்றுக்குள் தானே ஊர்ந்து போய், மரத்தில் இருக்கும் நீரின் தூண்டுதலால் கெட்டியாகிறது. நல்ல குணம் அது. ஆனால் காய்ந்ததும் நொறுங்கும் தன்மை கொண்டது, வெளிறிய மரத்தில் சுற்றிலும் ஈரக்கறை போன்ற வளையத்தை விட்டுவிடும். பக்கத்து மரத்தில் முன்கூட்டி அரக்குக் கரைசலை ஒரு கை பூசினால் கறை ஏறாது.

அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரையான வெடிப்பில் மக்கு வைப்பது வழக்கம்: மரத்தூளும் பசையும் கலந்த கலவை. ஆந்திராவின் கொண்டப்பள்ளிப் பொம்மைகளில் உறுப்புகளை ஒட்டவும் இணைப்பை நிரப்பவும் பயன்படும் மக்கு, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் சேர்த்துக் குழைத்தது. புளியங்கொட்டையில் நிறைந்திருக்கும் சைலோகுளூக்கன் என்ற மாவுப்பொருள் சூடான நீரில் கூழாகிக் காய்ந்ததும் இறுகும். ஜவ்வாது மலையின் விளைபொருட்களில் புளி முக்கியமானது. அதன் கொட்டை அந்த மரத்தின் கீழேயே கிடைக்கிறது. கட்டடக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட் துகள்கள். ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பதால் காயும்போது அமிழ்ந்து பள்ளம் விடும். ஆழமான வெடிப்பை அதைக் கொண்டு ஒரே நாளில் நிரப்ப முடியாது, இரண்டு மூன்று அடுக்காகப் போட வேண்டும்.

அந்த மரத்தின் தூளையே கலந்தாலும் மக்கு எப்போதும் மரத்தைவிடக் கருமையாகத் தெரியும். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், காரணம் ஒளியில் இருக்கிறது. காய்ந்த மரத்தில் காற்று நிறைந்த செல்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறடித்து வெளிறிய தோற்றம் தருகின்றன. தூளைப் பசை நனைத்ததும் காற்று வெளியேறிச் சிதறல் குறைந்து நிறம் அடர்கிறது. வெளிறிய மரத்தில் இன்னும் வெளிறிய மரத்தூளைக் கலந்தால் ஓரளவு சரிப்படும். மறைக்க முயல்வதைவிடக் கருங்கோடாகவே தெரிய விடுவது பல சமயங்களில் அழகு. காபித்தூளோ கரித்தூளோ கலந்த நிரப்பல் கிண்ணத்தின் முகத்துக்கு ஒரு தெளிவான ரேகையைக் கொடுக்கும். ஜப்பானிய மட்பாண்டங்களின் உடைவை உருஷி என்ற மரப்பிசினும் பொன்தூளும் கொண்டு கோடிடுவதும் அந்த வழியில் வந்தது.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால் அதே மரத்தின் மெல்லிய சீவலை, நார் ஓட்டம் ஒரே போக்கில் இருக்கும்படி அடித்து இறக்கி ஒட்டுவது நல்லது. மரத்தோடு மரம் சுருங்கும், மரத்தோடு மரம் விரியும். எபாக்ஸி ஆழமான வெடிப்பைச் சுருங்காமல் நிரப்பும். அதன் குறையும் அந்தக் குணத்திலேயே இருக்கிறது. அது நகராது. சுற்றியுள்ள மரம் அடுத்த கோடையில் இன்னும் சுருங்கினால் ஓரத்தில் மயிரிழைக் கோடு தோன்றும்; மழைக்காலத்தில் விரிந்தால் மரத்தின் நாரே நசுங்கும்.

சந்தனம், தேக்கு போன்ற எண்ணெய் உள்ள மரங்களில் ஒட்டும் முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்த உடனே பசை வைக்க வேண்டும். தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே ஏறிவிடும். நார்க் கட்டு நுண்ணியதாக இருப்பதாலும் உலரும்போது அதிகம் நகராததாலும் சந்தனத்தில் வெடிப்பு குறைவு. விலையும் அரிய தன்மையும் ஒரு மில்லிமீட்டர் கூட வீணாகக் கடைய விடுவதில்லை.

அரக்கு தனியாகப் பேச வேண்டியது. கெர்ரியா லாக்கா என்ற சிறு பூச்சி புரசு, பூவம், இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் சுரக்கும் பிசின் அது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் உள்ள சென்னபட்டணாவில் வெட்பாலை மரத்தில் கடையும் பொம்மைகளுக்கு அரக்கே வண்ணமும் மெருகும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் 65, 70 டிகிரி அளவில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியிலேயே நுண்ணிய கீற்றுகளுக்குள்ளும் புகுந்துவிடும். நிரப்புவதும் மெருகிடுவதும் ஒரே கை அசைவில் நடக்கும் இந்த முறையின் எளிமை வியப்புக்குரியது. தாமிரபரணிக் கரை அம்பாசமுத்திரத்தின் கடைசல் சொப்புகளும், மஞ்சக்கடம்பு மரத்தின் மேல் அரக்கு வண்ணம் பூண்டவையே. அரக்குப் படலம் ஈரத்தின் போக்குவரத்தை மெதுவாக்கும், முழுக்க நிறுத்தாது.

தேன்மெழுகு ஒட்டும் பொருள் அல்ல, அதனால் வெடிப்பைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் மயிரிழைக் கீற்றை மூடவும், மரம் நகரும்போது கூடவே நகரவும் அதற்குத் தெரியும். மலைத்தேன் வடித்தபின் மிஞ்சும் மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும்; சுழலும் துண்டில் அழுத்திய துணியே அந்தச் சூட்டைத் தந்துவிடும். எல்லாத் தேய்ப்பும் முடிந்த பிறகே மெழுகு வர வேண்டும். முன்பே வந்தால் எந்தப் பசையும் அந்த இடத்தில் ஒட்டாது.

தேய்ப்பது உப்புத்தாளின் வேலை. தாளின் பின்னால் அச்சிட்ட எண், துகள்களைச் சலித்த நுண்மையின் குறி. எண் கூடினால் துகள் சிறுக்கும். பி80 தாளின் சராசரித் துகள் 0.2 மில்லிமீட்டர், பி120-இல் 0.125, பி240-இல் 0.06, பி400-இல் 0.035. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலைப் போக்கித் தன் கீறலை விட்டுச் செல்கிறது. 80-இலிருந்து நேராக 240-க்குத் தாவினால், 80 போட்ட பள்ளத்தின் அடியை 240 தொடுவதற்குள் தாளும் பொறுமையும் தீரும். 80, 120, 180, 240, 320 என்று படிப்படியாகப் போவது சிக்கனம். துகள்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. கறுப்புத் தாளில் உள்ள சிலிக்கன் கார்பைடை 1891-இல் எட்வர்ட் ஆச்சிசன் செயற்கையாகத் தயாரித்தார்.

உப்புத்தாளுக்கு முன் இலைகள் இருந்தன. பராய் மரத்தின் இலை, மரத்தையும் தந்தத்தையும் மெருகிடப் பயன்பட்டது. திருப்பராய்த்துறையின் தலமரம் இதுவே. இலையின் மேல் உள்ள தடித்த மயிர்களில் ஏறியிருக்கும் தாதுப்பொருளே தேய்க்கிறது. சென்னபட்டணாவில் அரக்கை மெருகேற்றத் தாழை மடலை இன்றும் அழுத்துகிறார்கள்.

சுழலும் துண்டில் தாளைப் பிடித்தால் கீறல்கள் வட்டமாக, பல இடங்களில் நாருக்குக் குறுக்கே விழும். குறுக்குக் கீறல் கண்ணுக்கு எளிதில் படும். ஒவ்வொரு எண்ணின் கடைசியிலும் எந்திரத்தை நிறுத்தி, நார் ஓட்டத்தின் போக்கில் கையால் சிலமுறை இழுப்பது அதனால்தான். அழுத்தமும் அளவோடு வேண்டும். ஒரே இடத்தில் நின்று அழுத்தினால் உராய்வுச் சூட்டில் மேல்தோலின் ஈரம் சட்டென்று போய், முக்கியமாக அறுத்த நார் தெரியும் இரு பக்கங்களில், எலிவால் போன்ற நுண்வெடிப்புகள் புதிதாகத் தோன்றும். வேங்கை போல் கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ இருக்கும் அடர்ந்த மரங்களில் இது எளிதில் நேரும். வெடிப்பை அடைத்துத் தேய்க்கிறோம் என்று நினைத்து, தேய்ப்பாலேயே வெடிப்பை உண்டாக்குவது பட்டறைகளில் அடிக்கடி நடப்பது. தாளின் பின்புறம் விரலைச் சுட்டால் நிறுத்த வேண்டிய நேரம்.

அடைத்த இடமும் மரமும் ஒரே கடினம் கொண்டவையல்ல. எபாக்ஸியும் காய்ந்த சயனோஅக்ரிலேட்டும் மென்மரத்தைவிடக் கடினமானவை. விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் மரம் தேய்ந்து அடைப்பு மேடாக நிற்கும். மெழுகில் நேர்மாறாகப் பள்ளம் விழும். ரப்பர் அல்லது கார்க் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தேய்க்கும் தூசு அடைக்காத கீற்றுக்குள் தானே போய் இறுகி, வெடிப்பு மறைந்ததாகக் காட்டும். எண்ணெய் தேய்த்ததும் அது கருங்கோடாக வெளியே வரும். எனவே ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் காற்றாலோ தூரிகையாலோ தூசை வெளியேற்றி, சாய்ந்த ஒளியில் பார்க்க வேண்டும். இறுதித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காய விட்டால், நசுங்கியிருந்த நார்முனைகள் எழுந்து நிற்கும். அவற்றைக் கடைசித் தாள் சீவிவிட்டால், பிறகு தண்ணீர் பட்டாலும் முகம் சொரசொரக்காது.

மரத்தூசை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுண்ணிய தாளுக்குப் போகப் போகத் தூசும் நுண்ணியதாகி நீண்ட நேரம் காற்றில் மிதக்கும். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது, கடைசல்காரரின் நுரையீரலை விலையாகக் கொடுப்பது.

தேய்க்கும் பொருளையும் மரம் பார்த்துத் தேர வேண்டும். வேங்கையின் செந்நிறப் பிசினும் வைரமும் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்தவை. இரும்பு பட்டால் இந்த டேனின் கருநீல மையாக மாறும். இரும்புப் பஞ்சால் தேய்த்து, பிறகு நீர் பட்ட வேங்கைப் பொருளில் கரும்புள்ளிகள் தோன்றும். துருப்பிடித்த அரத்தின் தூளும் அதைச் செய்யும். நைலான் தேய்ப்புத் தாள் அந்தத் தொல்லை இல்லாதது. ஓர் இரவு தண்ணீர் ஊற வைத்து மறுநாள் அருந்தும் வேங்கைத் தம்ளருக்குக் கறையைவிடப் பெரிய கேள்வி அடைப்பது பற்றியது. அதன் உட்புறத்தில் பசையோ எபாக்ஸியோ வைப்பது, தண்ணீரில் கரைய வேண்டிய மரச்சாற்றின் பாதையை மூடுவதோடு, பசையையும் குடிநீரோடு சேர்ப்பது. வாங்கும்போது அடியின் நடுப்புள்ளியைப் பார்ப்பது இதனால் பயனுள்ளது. ஆண்டு வளையங்களின் மையம் தம்ளரின் அடியில் சரியாக விழுந்திருந்தால் நட்சத்திர வடிவ வெடிப்பு அங்கே தொடங்கித் தண்ணீர் கசியும். வளையங்கள் ஒரு பக்கமாக வில்லாக வளைந்து போவதே பிளந்தெடுத்த கட்டையின் அறிகுறி. கசியும் மயிரிழை வெடிப்பு, தொடர்ந்து தண்ணீர் ஊற்றி வைத்தால் மரம் விரிந்து பெரும்பாலும் தானே அடைபடும். தம்ளரைக் கழுவி வெயிலில் கவிழ்க்கும் பழக்கம் அதை மறுபடி திறந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் சாய்த்து வைத்தால் உள்ளும் புறமும் ஒன்றுபோல் உலரும்.